‘ஸ்பைடர்மேன் 2’ எந்தக் கொமிக்ஸிலிருந்து வந்தது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். 2004இல் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’ படத்தைத் தமிழ்க் குரலில் திரும்பவும் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கதை கொமிக்ஸில் உள்ளபடிதான் எடுக்கப்பட்டதா, எந்த இதழில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. “ஸ்பைடர் இப்படி அழுதுகொண்டு திரிகிற ஆளே இல்லை, அவன் கொள்ளைக்காரனாக இருந்து திருந்தினவன், படக்காரர்தான் மாத்திப்போட்டாங்கள்” என்று அப்பா அடித்துச் சொல்கிறாராம், அது சரியா என்பது அடுத்தது. வாசிப்பதென்றால் எங்கே தொடங்குவது என்பது கடைசி.

அப்பாவின் வழக்கை முதலில் முடிப்போம். அவர் சொல்வது சரி, ஆள்தான் வேறு. அவர் வாசித்த ஸ்பைடர் பிரித்தானியக்காரன். ‘லயன்’ என்ற ஆங்கிலச் சிறுவர் வார இதழில் 1965இல் தொடங்கிய தொடர் அது. டெட் கோவன் எழுத, ரெஜ் பன் வரைந்தார். கறுப்பு இறுக்க உடுப்பு, கூரான காது, கையில் வலைத் துப்பாக்கி. கள்ளர்களுக்கெல்லாம் அரசனாக வேண்டும் என்பதுதான் அவனுடைய இலட்சியம். பெட்டகம் உடைப்பதில் கெட்டிக்காரனான ஓர்டினியும், பேராசிரியர் பெல்ஹமும் அவனுக்குக் கையாட்கள். கொஞ்சக் காலத்தில் அவனைவிடப் பெரிய கொடியவர்கள் கிளம்பிவர, இவன் மறுபக்கம் சாய்ந்துவிட்டான். சிவகாசியில் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்தது இந்த ஸ்பைடரைத்தான். அதற்கு முன்பே, 1972இலிருந்து, முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியால் பெயர் வாங்கியிருந்தது. மாயாவியும் பிரித்தானியச் சரக்குத்தான்.

70களின் முற்பகுதியில் தமிழகத்து இதழ்கள் இங்கே இலங்கைக்கு வருவதற்குக் கட்டுப்பாடு இருந்தது. 77க்குப் பிறகுதான் தளர்ந்தது. அதனால் அப்பாவின் வயதுக்காரர்களுக்கு ஒரு சித்திரக்கதைப் புத்தகம் கையில் கிடைத்தால் அது சொத்து. பிறகு சண்டைக் காலம். திருகோணமலையில், உப்புவெளியில் ஒருவர் வாங்கிய புத்தகம் உவர்மலைக்குப் போய், அங்கிருந்து திருக்கடலூருக்குப் போய், அட்டை இல்லாமல் வீடு திரும்பும். அப்படி வாசித்தவர்களுக்கு ‘ஸ்பைடர்’ என்றாலே கூர்க் காதன்தான் ஞாபகத்துக்கு வருவான். அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள், மகிழ்வார்: அந்தத் தொடரைப் பிற்பாடு எழுதியவர் ஜெரி சீகல். 1938இல் ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உலகத்துக்குக் கொடுத்த அதே சீகல்.

நீங்கள் பார்த்த ஸ்பைடர்மேன், அதாவது பீட்டர் பார்க்கர், மார்வெல் என்ற அமெரிக்கக் கொமிக்ஸ் நிறுவனத்தின் ஆள். 1962 ஓகஸ்ட் என்று திகதியிட்ட ‘அமேசிங் ஃபான்டசி’ 15ஆம் இதழில், ஸ்டான் லீ எழுத்தில் ஸ்டீவ் டிட்கோ வரைந்த 11 பக்கக் கதையில் பிறந்தவன். அடுத்த ஆண்டு அவனுக்கென்றே ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ இதழ் தொடங்கியது. கீழே வெறுமனே “50ஆம் இதழ்”, “12ஆம் இதழ்” என்று நான் சொன்னால் இந்த இதழைத்தான் சொல்கிறேன்.

சரி, படத்துக்கு வருவோம். அதன் கதை எந்த ஓர் இதழிலும் முழுதாக இல்லை. 1962க்கும் 1967க்கும் இடையில் வந்த சில இதழ்களிலிருந்து ஆளுக்கொரு துண்டாக எடுத்துத் தைத்திருக்கிறார்கள். கதை மூவர் பெயரில் வருகிறது, அதில் ஒருவர் நாவலாசிரியர் மைக்கேல் ஷேபன். திரைக்கதை அல்வின் சார்ஜென்ட், இயக்கம் சாம் ரெய்மி. தைத்த விதத்தில் ஒரு பிடிவாதம் தெரிகிறது. பழைய இதழ்களில் எந்த இடத்தில் இரகசியம் மயிரிழையில் தப்பியதோ, அந்த இடத்தில் படம் அதை உடைத்துப்போடுகிறது. மாதாமாதம் வரவேண்டிய தொடருக்கு இரகசியம் மூலதனம். அது போனால் அடுத்த மாதக் கதையை எங்கிருந்து தொடங்குவது? இரண்டு மணித்தியாலப் படத்துக்கு அந்தக் கவலை இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எது கொமிக்ஸ், எது ரெய்மி என்று பிரிப்பது சுலபம்.

முதலில் அந்தக் குப்பைத்தொட்டிக் காட்சி. 2004இல் நான் பார்த்தது வீடியோக் கடையில் வாடகைக்கு எடுத்த சீடியில். திரையரங்குக்குள் களவாகப் பிடித்த பிரதி. நடுவில் ஒருவர் எழுந்து வெளியே போவதுகூடத் தெரிந்தது. மழைக் காட்சியில் இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை. இப்போது நல்ல பிரதியில் பார்த்தால்தான் ரெய்மி செய்த வேலை விளங்குகிறது. சந்துக்குள் மழை பெய்கிறது. முன்னால் குப்பைத்தொட்டியின் விளிம்பில் சிவப்பு நீல உடுப்பு தொங்குகிறது. தூரத்தில் பீட்டர் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறான். இது 1967 ஜூலை திகதியிட்ட 50ஆம் இதழில் ஜோன் ரொமிட்டா வரைந்த முழுப்பக்கப் படம். கமெரா வைத்த இடம்கூட அதேதான். ‘இனி ஸ்பைடர்மேன் இல்லை’ என்ற பொருளில்தான் அந்த இதழின் தலைப்பும் இருக்கும்.

காரணங்களும் பெரும்பாலும் அங்கிருந்தே வந்தவை. பரீட்சைப் புள்ளி இறங்குகிறது, பெரியம்மா மே நோயாகக் கிடக்கிறார், பத்திரிகை அதிபர் ஜேமிசன் அவனை ஊருக்கு எதிரியாகக் காட்டிக்கொண்டிருக்கிறார். இதழில் உடுப்பைக் கண்டெடுத்து ஜேமிசனிடம் கொண்டுபோவது ஒரு சிறுவன். படத்தில் குப்பை அள்ளும் தொழிலாளி, விலைபேசிவிட்டுத்தான் கொடுக்கிறார். இதழில் பீட்டர் திரும்பி வருவதற்கு ஒரு காவலாளி போதும். கள்ளர்களிடம் அகப்பட்ட அந்த இரவுக் காவலாளியைக் காப்பாற்றுகிறான், அவருடைய முகத்தில் செத்துப்போன பெரியப்பா பென்னின் சாயல். அவ்வளவுதான், மனம் மாறிவிடுகிறது. கிங்பின் என்ற பெரிய வில்லன் முதலில் தலைகாட்டுவதும் அதே இதழில் என்பதால் பீட்டர் நீண்ட நேரம் கவலைப்பட லீக்கு இடம் இல்லை.

படம் அவ்வளவு சுலபமாக விடுவதில்லை. சக்தி இல்லாத பீட்டர் எரிகிற கட்டடத்துக்குள் ஓடிப்போய் ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். வெளியே ஆட்கள் தட்டிக்கொடுக்கிறார்கள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, நாலாம் மாடியில் இன்னொருவர் அகப்பட்டுச் செத்துப்போன செய்தி பக்கத்தில் நிற்கும் தீயணைப்பு வீரர்களின் பேச்சில் காதில் விழுகிறது. யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பழைய ஆளாக இருந்திருந்தால் நாலாம் மாடிக்கும் போயிருப்பான் என்று அவனுக்கு மட்டும் தெரியும். பழைய இதழ்களில் இப்படி ஒரு கணக்கு எழுதப்பட்டதில்லை. என்னைக் கேட்டால் படத்தின் ஆகச் சிறந்த அரை நிமிடம் இதுதான்.

சக்தி போவதும் ரெய்மியின் கண்டுபிடிப்பு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1964இல் வந்த முதலாவது ஆண்டுமலரைப் பாருங்கள். ஆறு வில்லன்கள் கூட்டுச் சேருகிற புகழ்பெற்ற கதை அது. கூட்டுக்குத் தலைவர் டொக்டர் ஒக்டோபஸ். அதில் பீட்டர் பெரியப்பாவை நினைத்து மனம் குமைந்துகொண்டிருக்கும்போது சக்தி திடீரென்று போய்விடும். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, மனம்தான் காரணம். பெரியம்மாவை ஒக்டோபஸ் கடத்திக்கொண்டு போயிருக்க, சக்தியில்லாமலே சாகத் துணிந்து போவான், சண்டையின் நடுவில் அது திரும்பிவரும். கடத்தப்பட்ட மே பெரியம்மாவோ ஒக்டோபஸை நல்ல மரியாதையான மனிதர் என்று நம்பிக்கொண்டிருப்பார். அந்தப் பகிடிக்காகவே அந்த மலரை வாசிக்கலாம்.

இங்கேதான் வலைக் கருவி விவகாரமும் வருகிறது. கொமிக்ஸில் பீட்டர் வலைத் திரவத்தைத் தானே செய்து, மணிக்கட்டில் கட்டிய கருவியால் பீச்சுவான். ரெய்மியின் படங்களில் வலை கையிலிருந்து இயற்கையாகவே வருகிறது. ரெய்மிக்கு முன்பு ஜேம்ஸ் கேமரன் எழுதி வைத்திருந்த திட்டத்திலேயே இந்த மாற்றம் இருந்தது. முதல் படம் வந்தபோது இரசிகர்கள் கொதித்தார்கள், நியாயம்தான். மாணவன் ஒருவன் வீட்டறையில் செய்த அந்தத் திரவம்தான் அவனுடைய மூளைக்குச் சாட்சி. சண்டை நடுவில் திரவம் தீர்ந்துபோகிற பதைப்பும் அத்தோடு போய்விட்டது. ஆனால் இரண்டாம் படத்தில் இந்த மாற்றம் வட்டியோடு திரும்பி வருகிறது. வலை கருவியிலிருந்து வந்தால் மனம் சோர்ந்தால் நிற்குமா? உடம்பிலிருந்து வருவதால்தான் வானத்தில் தொங்கும்போது கை வெறுமனே நீள்கிறது, ஆள் விழுகிறான். கருவி இருந்திருந்தால் இந்தக் கதையையே எடுத்திருக்க முடியாது.

காசு விஷயத்தில் படம் ஆதி இதழ்களுக்கு மிகவும் விசுவாசமாக இருக்கிறது. 1963இல் வந்த 1ஆம் இதழில் மே பெரியம்மா வீட்டு வாடகைக்காக நகையை அடகு வைப்பார். மேடையில் வித்தை காட்டிச் சம்பாதித்த காசோலையை எடுத்துக்கொண்டு ஸ்பைடர்மேன் வங்கிக்குப் போவான். முகமூடிக்காரனுக்கு எந்த அடையாள அட்டையைப் பார்த்துக் காசு கொடுப்பது? திருப்பி அனுப்பிவிடுவார்கள். நகை அடகையும் வாடகைப் பிந்தலையும் நம்மூர் வாசகனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மற்ற அமெரிக்கச் சாகசக்காரர்களிடம் இல்லாத இந்த இழுபறிதான் இவனை நமக்குக் கிட்டவாக்கியது என்று நினைக்கிறேன். படத்தில் பீட்சா கொண்டுபோகிற வேலை போகிறது, வங்கிக் கடன் மறுக்கப்படுகிறது, வீட்டுச் சொந்தக்காரர் வாடகை கேட்டுக் கதவைத் திறந்து கத்துகிறார். அந்த வீட்டுச் சொந்தக்காரரின் பெயர் டிட்கோவிச்! ஸ்டீவ் டிட்கோவுக்கு வைத்த வணக்கம் அது.

பிறந்தநாளன்று மே பெரியம்மா 20 டொலர் கொடுக்கிற இடத்தைத் திரும்பவும் பாருங்கள். வீடே கைவிட்டுப் போகிற நிலை. பீட்டர் வேண்டாம் என்கிறான். அவருக்குக் கோபம் வந்து குரல் உயர்கிறது, “எடு” என்று அதட்டுகிறார், அடுத்த கணமே அழுகிறார். ரோஸ்மேரி ஹரிஸ் அதை நடித்திருக்கும் விதத்தில் கொடுப்பவரின் மானம் முழுவதும் அந்த ஒரு தாளில் இருக்கிறது. டிட்கோவின் சித்திரத்தில் மே எப்போதும் மெலிந்து, எந்த நேரமும் மயங்கி விழப்போகிற கிழவி. அந்தக் கோபத்தை அவருக்குக் கொடுத்தது படம்தான்.

டொக்டர் ஒக்டோபஸ் 1963 ஜூலை, 3ஆம் இதழில் வந்தவர். அங்கே ஒட்டோ ஒக்டேவியஸ் ஓர் அணு ஆராய்ச்சியாளர். ஆபத்தான பொருட்களைத் தூரத்தில் நின்று கையாளத்தான் அந்த உலோகக் கைகள். வெடிவிபத்தில் கைகள் உடம்போடு ஒட்டிவிடுகின்றன, மூளையும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று வைத்தியர்கள் பேசிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் முன்கதை. எழும்பினவுடனேயே ஆணவம். ஸ்பைடர்மேனை அடித்து ஜன்னலால் வெளியே எறிகிறார். முதல் தோல்வி கண்ட பீட்டர் அப்போதே எல்லாவற்றையும் விட்டுவிட நினைத்து, மார்வெலின் இன்னொரு நாயகனான ஹியூமன் டோர்ச் பள்ளிக்கூடத்துக்கு வந்து பேசியதைக் கேட்டுத் தேறுவான். கடைசியில் முகவாயில் ஒரு குத்து, ஆள் மயக்கம்.

படத்தின் ஒக்டேவியஸ் பீட்டரை வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைக்கிற மனிதர். அன்பான மனைவி ரோஸி இருக்கிறாள். அவள் சாகிறாள். கைகளை அடக்கிவைத்த மின்சில்லு (சிப்) எரிந்துபோகிறது, கைகள் அவர் காதுக்குள் பேசத் தொடங்குகின்றன. மனைவியும் சில்லும் படத்துக்காகச் சேர்த்தவை. இதனால் வில்லன் ஆழமாகிவிட்டார் என்று எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கு அதில் அரை மனது. பழியைச் சில்லின் மேல் போட்டதால் மனிதர் சற்றுத் தப்பிவிட்டார். பழைய ஒக்டோபஸின் இறுமாப்பு அவருடைய சொந்தச் சம்பாத்தியம், அதற்கு ஒரு சில்லும் காரணம் இல்லை. ஆனால் அல்ஃபிரட் மொலினாவின் முகம் இருக்கிறதே, அதற்கு முன்னால் என் வாதம் நிற்காது. கிட்டத்தில் காட்டுகிற பல காட்சிகளில் அந்தக் கைகளைப் பொம்மலாட்டக்காரர்கள் படப்பிடிப்புத் தளத்திலேயே நின்று ஆட்டினார்கள். அவர் கணினி வெறுமையைப் பார்த்து நடிக்கவில்லை. ஒவ்வொரு கையும் உண்மையாகவே அவரைத் திரும்பிப் பார்த்தது. சத்திரசிகிச்சை அறைக் காட்சி மட்டும் கொமிக்ஸுக்குக் கடன்படாதது. ரெய்மி பேய்ப்படம் எடுத்துப் பழகினவர், அந்தக் கை துடித்தது அங்கே.

இனி ரயில். எல்லாருக்கும் பிடித்த காட்சி, கொமிக்ஸோடு ஒப்பிட ஆக ருசியானதும் அதுதான். திருகோணமலை ரயில் நிலையத்தில் இறங்கினவர்களுக்குத் தெரியும், அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை, கடல்தான். படத்தின் ரயிலும் அப்படித்தான், பாதை முடிகிற இடத்தை நோக்கி பிரேக் இல்லாமல் ஓடுகிறது. நியூயோர்க் என்று காட்டினாலும் அந்த உயரப் பாதைக் காட்சிகளில் ஒரு பகுதி சிக்காகோவில் எடுக்கப்பட்டது. பீட்டர் முதலில் காலை ஊன்றிப் பார்க்கிறான், பாதைக் கட்டைகள் தெறிக்கின்றன. பிறகு இரண்டு பக்கக் கட்டடங்களிலும் வலையை ஒட்டி, நடுவில் தன் உடம்பையே கயிறாக்குகிறான். உடுப்பு கிழிகிறது. முகமூடி ஏற்கெனவே போய்விட்டது. ரயில் நின்றதும் மயங்கி விழப்போனவனை உள்ளேயிருந்து கைகள் நீண்டு பிடிக்கின்றன. தலைக்கு மேலாகத் தூக்கிக் கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். ஒருவர் முகத்தைப் பார்த்து, இது சின்னப் பொடியன், என் மகனைவிட வயது கூட இராது என்கிறார். இரண்டு சிறுவர்கள் முகமூடியைக் கொண்டுவந்து கொடுத்து, ஒருவருக்கும் சொல்லமாட்டோம் என்கிறார்கள்.

இப்போது 1964 மே மாத 12ஆம் இதழை எடுங்கள். அட்டைப்படத்திலேயே ஒக்டோபஸ் முகமூடியைப் பிடுங்குகிறார். உள்ளே உண்மையாகவே பிடுங்கிவிடுகிறார், ஜேமிசனும் அவருடைய செயலாளர் பெட்டி பிரான்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே! காய்ச்சல் வந்து பலம் இறங்கின நேரம் என்பதால் பீட்டர் நாலு அடிகூடத் தாங்கவில்லை. அதனாலேயே ஒருவரும் நம்பவில்லை. பாவம், பெட்டியைக் காப்பாற்ற இந்தப் பொடியன் ஸ்பைடர்மேன் வேஷம் போட்டு வந்திருக்கிறான் என்று எல்லாரும் தாங்களாகவே கதை கட்டிக்கொள்கிறார்கள். ஒக்டோபஸுக்கே வெறுப்பு. லீயும் டிட்கோவும் செய்த சாதுரியங்களில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

ரெய்மி அதே வில்லன், அதே பலவீனம், அதே முகமூடி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு முடிவைத் திருப்பிவிட்டார். இதழில் சனம் முகத்தைப் பார்த்தும் நம்பவில்லை, இரகசியம் தப்பியது. படத்தில் சனம் நம்புகிறது, காப்பாற்றுகிறது. 12ஆம் இதழ் வாசித்தபின் ரயில் காட்சியைப் பார்த்தால் தொண்டை இன்னும் கொஞ்சம் அடைக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

மே பெரியம்மாவிடம் உண்மையைச் சொல்கிற காட்சிக்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1962இன் முதல் கதையில், தொலைக்காட்சி நிலையத்தில் ஓடிவருகிற ஒரு கள்ளனை பீட்டர் பிடிக்காமல் விடுகிறான். காரணம் வெறும் திமிர். இனி என்னை மட்டும்தான் பார்த்துக்கொள்வேன் என்று பொலிஸ்காரருக்கே சொல்கிறான். சில நாட்களில் வீட்டுக்குள் புகுந்த திருடன் பென்னைக் கொல்கிறான், பிடித்துப் பார்த்தால் அதே முகம். 2002இல் வந்த முதல் படத்தில் இரண்டு மாற்றம் செய்தார்கள். மல்யுத்தப் போட்டி நடத்துகிறவர் 3,000 டொலர் தருவதாகச் சொல்லி 100 மட்டும் கொடுத்து ஏமாற்றுவதால், அவரிடம் கொள்ளையடித்தவனை பீட்டர் விட்டுவிடுவதில் நமக்கும் ஒரு திருப்தி வந்துவிடுகிறது. பென் சாவது வீட்டில் இல்லை, பீட்டரைக் கூட்டிப்போக வந்து காத்திருந்த தெருவில். முதல் மாற்றம் பீட்டரின் பிழையை இலேசாக்குகிறது, இரண்டாவது அதைப் பாரமாக்குகிறது. மூலக்கதை இதைவிடக் கடுமையானது. அதில் பீட்டருக்குச் சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை. பெரிய சக்தியும் பொறுப்பும் பற்றிய அந்தப் பேர்போன வாக்கியமும் மூலத்தில் பென் வாயில் வருவதில்லை, கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் குரலாகத்தான் வருகிறது.

அந்தக் குற்றவுணர்ச்சியை 60களின் பீட்டர் பெரியம்மாவிடம் வாய்திறந்து சொன்னதில்லை. சொன்னால் அவர் இதயம் தாங்காது என்பதுதான் ஆண்டுக்கணக்கில் ஓடின நியாயம். அந்தப் பேச்சு நடந்தது 2002இல், இதழ் எண்ணைத் திரும்ப 1இலிருந்து தொடங்கிய இரண்டாம் தொகுதியின் 38ஆம் இதழில். எழுதியவர் ஜே. மைக்கேல் ஸ்ட்ரசின்ஸ்கி. அந்த இதழில் சண்டையே முக்கியம் இல்லை, இருவரும் இருந்து கதைப்பதுதான். கள்ளனை விட்டதை பீட்டர் சொல்கிறான். அந்த இரவுக்காகத் தானும் இத்தனை நாள் தன்னையே நொந்துகொண்டிருந்ததை மே சொல்கிறார்.

இரண்டாண்டு கழித்து வந்த படத்திலும் மே தன்மேல் பழிபோட்டுக்கொண்டுதான் தொடங்குகிறார்: அன்று அவரைப் போகவிடாமல் தடுத்திருந்தால் மூன்று பேரும் இப்போது தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்போம். அதைப் பொறுக்கமுடியாமல் பீட்டர் சொல்லிவிடுகிறான். கள்ளனை விட்டதைச் சொல்கிறான், ஸ்பைடர்மேன் என்பதைச் சொல்லவில்லை. மேசைமேல் அவன் கையைப் பிடித்திருந்த மே, மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டு எழும்பி, ஒரு சொல் பேசாமல் மாடிக்குப் போய்விடுகிறார். இதழில் பேச்சால் ஆறுகிறது, படத்தில் பேச்சு வெட்டுகிறது. பிறகு ஒருநாள் சாமான் கட்டும்போது மன்னிக்கிறார், அப்போது பக்கத்து வீட்டுச் சிறுவன் ஹென்றியைச் சாட்டி நாயகர்களைப் பற்றி ஒரு நீண்ட பேச்சுப் பேசுகிறார். பெரியம்மாவுக்கு எல்லாம் தெரிந்துதான் பேசுகிறாரா? படம் வாய் திறக்கவில்லை. தெரியும் என்பதுதான் என் கட்சி.

பீட்டர் காதலிக்கிற மேரி ஜேனைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. 60களில் அவள் ஆட்டமும் பாட்டமுமாகத் திரிகிற துடுக்குக்காரி. 42ஆம் இதழின் கடைசியில் வாசலில் வந்து நின்று பீட்டரை ‘டைகர்’ என்று கூப்பிடுவாள். படத்தின் கடைசி வசனத்தில் அந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஜேமிசனின் மகனோடு கலியாணம் என்பது படத்துக்காக உண்டாக்கியது. கொமிக்ஸில் அவளுக்கு இரகசியம் தெரியும் என்று பீட்டரிடம் சொல்வதற்கு 1984, 257ஆம் இதழ் வரை காத்திருக்கவேண்டும். ரெய்மிக்கு இரண்டே படம் போதுமாக இருந்தது.

படம் இழந்ததையும் சொல்லவேண்டும். கொமிக்ஸ் ஸ்பைடர்மேனின் வாய். சண்டைக்கு நடுவில் வில்லனுக்குக் கோபம் ஏறும்வரை பகிடி விடுவான். முகமூடிக்குள் போனதும் கூச்சம் கழன்றுவிடுகிற ஒரு பையனின் வாய் அது. டோபி மக்குவயரின் பீட்டர் முகமூடி போட்டாலும் அதே கூச்சக்காரன்தான். டிட்கோ 38ஆம் இதழோடு விலகி ரொமிட்டா வந்தபின் கொமிக்ஸ் பீட்டர் அழகனாகி, கூட்டாளிகளும் சேர்ந்து, மோட்டார் சைக்கிளும் வாங்கிவிட்டான். படம் ரொமிட்டாவின் காதல் கதையை எடுத்து டிட்கோவின் ஒடுங்கின தோள்களில் வைத்திருக்கிறது. இந்தக் கலப்பு கொமிக்ஸில் ஒருநாளும் இருந்ததில்லை, எனக்கு அது பிடித்திருக்கிறது.

வாசிப்பதற்கு: ‘அமேசிங் ஃபான்டசி’ 15, பிறகு 1, 3, 12, முதலாவது ஆண்டுமலர், 50. இவை தொகுப்புகளாகவும் மின்பிரதியாகவும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. பழைய ஆங்கிலம், ஆனால் சித்திரம் கைகொடுக்கும். 33ஆம் இதழையும் இடையில் செருகிக்கொள்ளுங்கள். அது இந்தப் படத்தில் இல்லை, ஆனால் இரும்புப் பாரத்துக்கு அடியில் அகப்பட்ட பீட்டர் அதை நிமிர்த்தி எழும்புகிற பக்கங்கள் டிட்கோவின் உச்சம். 2017இல் வந்த ‘ஹோம்கமிங்’ படத்துக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். ஸ்ட்ரசின்ஸ்கியின் 38ஐக் கடைசிக்கு வையுங்கள்.

படத்தில் ‘2.1’ என்று 2007இல் வந்த நீட்டிய பிரதியும் உண்டு, சுமார் எட்டு நிமிடம் கூட. ரயில் சண்டை அதில் கொஞ்சம் நீளம். மின்தூக்கிக்குள் நடக்கிற பகிடிக் காட்சியை மாற்றியிருக்கிறார்கள், பழையதுதான் நல்லது. ஆனால் வாங்கிவைத்த ஸ்பைடர்மேன் உடுப்பை ஜேமிசன் தானே போட்டுக்கொண்டு அலுவலக மேசைமேல் துள்ளுகிற ஒரு காட்சி அந்தப் பிரதியில் மட்டும்தான் இருக்கிறது. அதை ஏன் முதலில் வெட்டினார்கள் என்பதற்கு மன்னிக்கத்தக்க காரணம் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.